பள்ளத்தில் எழுந்த அரங்கம்

இயற்பியல் பயிலும் மாணவர்களுக்கு டகோமா என்னும் பெயர் புதிதன்று. 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், காற்றின் விசையால் கயிறு போல முறுக்கி ஆடி, இறுதியில் அறுந்து கடலில் வீழ்ந்த தொங்கு பாலத்தைப் பற்றி அவர்கள் படித்திருப்பார்கள். அந்தக் காட்சியைப் படச்சுருளிலும் கண்டிருப்பார்கள். அந்தப் பாலம் திறக்கப்பட்டு நான்கு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. அது வீழ்ந்ததால் உலகப் புகழ் பெற்றது. அதே நகரத்தில், வீழாமல் நிற்பதற்காக நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிவரும் கட்டடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி வெளியுலகம் அதிகம் பேசுவதில்லை. அது ஓர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அரங்கம். இன்று அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச எண்ணுகிறேன்.

டகோமா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தது. சியாட்டில் என்னும் பெருநகரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 2,19,000 பேர். பெருநகரமும் அன்று, சிற்றூரும் அன்று. பசிபிக் மாகடலின் கை ஒன்று நிலத்தினுள் நெடுந்தூரம் நீண்டு புகுந்திருக்கிறது. அதற்குப் பியூஜெட் சவுண்டு என்று பெயர். அந்தக் கடற்கழியின் தென்பகுதியில் அமைந்த ஒரு விரிகுடாவின் கரையில் நகரம் அமைந்துள்ளது. 1841ஆம் ஆண்டில் வில்க்ஸ் என்னும் கடற்படைத் தலைவரின் குழுவினர் தங்கள் நில அளவைப் பணியை அங்கிருந்து தொடங்கியதால், அதற்குக் 'கமென்ஸ்மெண்ட்' விரிகுடா, அதாவது தொடக்க விரிகுடா, என்று பெயர் வந்தது. அமெரிக்காவில் மாணவர்கள் படிப்பை முடித்து விடைபெறும் விழாவிற்கும் இதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். முடிவைத் தொடக்கம் என்று அழைக்கும் வழக்கம் எனக்குப் பிடித்த வழக்கங்களுள் ஒன்று. நகரின் தென்கிழக்கே 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் என்னும் பனிமலை வானத்தை மறைத்து நிற்கிறது. அந்த மலைக்குப் பழங்குடி மக்கள் வழங்கிய பெயரிலிருந்தே நகரின் பெயர் பிறந்தது.

1873ஆம் ஆண்டில் நார்தர்ன் பசிபிக் இரயில்வே நிறுவனம், கண்டத்தைக் கடந்து வரும் தன் இருப்புப்பாதை முடியும் இடமாக டகோமாவைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் நகரம் வளர்ந்த வேகம் வியப்புக்குரியது. 1880இல் 1,098 பேர் இருந்த ஊரில், 1890இல் 36,006 பேர் இருந்தனர். பத்தே ஆண்டுகளில் முப்பது மடங்குக்கு மேல்! இத்தகைய வளர்ச்சியைக் கண்டவர்களுக்குத் தலை சுற்றுவது இயல்பு. இரயில் நிறுவனத்தைச் சார்ந்த நிலக் கம்பெனி ஒன்று, விரிகுடாவை நோக்கிய உயர்ந்த மேட்டின்மேல், பிரெஞ்சு நாட்டுக் கோட்டை மாளிகையைப் போன்ற ஒரு மாபெரும் ஓட்டலைக் கட்ட முற்பட்டது. இரயிலில் வரும் செல்வர்கள் தங்குவதற்கென்று கூர்ங்கோபுரங்களும் செங்குத்தான கூரைகளும் உடைய அரண்மனை ஒன்று 1891இல் எழத் தொடங்கியது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள பிலடெல்பியாவிலிருந்து வந்த ஹீவிட் சகோதரர்கள் அதற்கு வரைபடம் தந்தனர்.

அந்த ஓட்டலில் ஒரு விருந்தினர்கூடத் தங்கவில்லை. 1893இல் அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடி மூண்டது. வங்கிகள் கதவடைத்தன, நார்தர்ன் பசிபிக் நிறுவனமே நொடித்துப்போயிற்று. முடிவுபெறாத மாளிகை மேட்டின்மேல் வெறுமனே நின்றது. 1898 அக்டோபரில் அதில் தீப்பற்றியது. உட்புறம் முழுவதும் எரிந்து, சுவர்கள் மட்டும் எஞ்சின. அவற்றையும் இடித்துச் செங்கற்களைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். அவ்வாறு பெயர்த்தெடுத்த செங்கற்களைக் கொண்டுதான் ஐடாஹோ மாநிலத்திலுள்ள வாலஸ் என்னும் சுரங்க ஊரின் இரயில் நிலையம் கட்டப்பட்டதாகச் சொல்லுகிறார்கள்.

இடிப்பு வேலை முடிவதற்குள் ஒருவருக்கு வேறோர் எண்ணம் தோன்றியது. அவர் பெயர் ஃபிரெடெரிக் ஹீத். டகோமாவில் பள்ளிக் கட்டடங்களை வடிவமைத்து வந்த சிற்பி. சுவர்கள் உறுதியாக இருக்கின்றன, இவற்றை ஏன் பள்ளியாக்கக் கூடாது என்று அவர் கேட்டார். நகரின் கல்விக் குழு 1904இல் அந்தப் பாழ்மனையை 34,500 டாலருக்கு வாங்கியது. 1906 செப்டம்பரில் அது டகோமா உயர்நிலைப் பள்ளியாகத் திறக்கப்பட்டது. செல்வர்களுக்கென்று எழுப்பிய கோபுரங்களின் கீழே ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளும் மீனவரின் பிள்ளைகளும் இலக்கணமும் கணக்கும் படிக்கலாயினர். நெருக்கடிகள் பொதுவாக ஏழைகளிடமிருந்து பிடுங்கிச் செல்வர்களுக்குக் கொடுப்பவை. இந்த ஒரு நெருக்கடி, அறியாமலே, அதற்கு மாறாகச் செய்துவிட்டது.

கோட்டை போன்ற பள்ளி கிடைத்துவிட்டது. ஆனால் ஓடி ஆட இடமில்லை. பள்ளி நிற்பதோ ஒரு செங்குத்தான கரையின் விளிம்பு. அதன் பக்கத்தில் கடலை நோக்கி இறங்கும் ஆழமான ஓடைப்பள்ளம் ஒன்று இருந்தது. அதற்குக் 'கிழவியின் பள்ளம்' என்று பெயர். கடலில் மாண்ட மீனவர்களின் மனைவியரும், துறைமுகத்தில் மூட்டை சுமந்து மாண்டவர்களின் மனைவியரும் அங்கே குடிசை கட்டி வாழ்ந்தனர் என்றும், அதனால் அந்தப் பெயர் வந்தது என்றும் ஊரார் சொல்லி வந்தனர். அந்தப் பெண்டிரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பள்ளத்தின் பெயரில்மட்டும் அவர்கள் வாழ்கிறார்கள்.

அந்தக் கரையை விட்டுப் போனவர்கள் அவர்கள் மட்டுமல்லர். அவர்களுக்கு முன்னர் பியாலப் என்னும் பழங்குடியினர் அந்த விரிகுடாவில் மீன் பிடித்து வாழ்ந்தனர். 1854ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றின் வாயிலாக அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதி கைமாறியது. இரயில் பாதை போட உழைத்த சீனர்கள் பின்னர் அந்தக் கடற்கரையில் குடியமர்ந்தனர். 1885ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், நகரத்துப் பெரிய மனிதர்களே முன்னின்று, அவர்களுள் ஏறத்தாழ 200 பேரை மழையில் நடக்க வைத்து ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. 1993இல் நகர மன்றம் இதற்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே கடற்கரையில் இன்று சீனப் பாணியில் ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. அரங்கத்தைப் பற்றிப் பேச வந்தவன் இதை ஏன் சொல்லுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்த அரங்கத்தின் படிகளில் அமர்ந்து பார்த்தால் தெரிவது இந்தக் கடற்கரைதான். பார்வைக்கு அழகாக இருப்பது மட்டும் ஒரு கரையின் வரலாறு ஆகிவிடாது.

ஓடைப்பள்ளத்தை ஆடுகளமாக மாற்றும் திட்டத்தையும் ஹீத் அவர்களே தந்தார். சமநிலத்தில் அரங்கம் கட்டுவோர் இருக்கைகளைத் தாங்குவதற்குத் தூண்களையும் வளைவுகளையும் எழுப்ப வேண்டும். ரோமாபுரியின் கொலோசியம் அவ்வாறு கட்டப்பட்டது. பண்டைக் கிரேக்கர் வேறு வழி கண்டனர். மலைச்சரிவையே படிகளாக வெட்டி, அடியில் ஆடரங்கை அமைத்தனர். எபிடாரஸ் நகரத்து நாடக அரங்கம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஹீத் பின்பற்றியது கிரேக்க வழி. மூன்று பக்கமும் சரிவாக உயர்ந்த பள்ளம் இயற்கையிலேயே ஒரு கிண்ணம் போல இருந்தது. சரிவுகளைச் செதுக்கி, கிடைத்த மண்ணை அடிப்பகுதியில் நிரப்பிச் சமன்செய்து, சரிவின்மேல் கான்கிரீட்டால் படிகளை வார்த்துவிட்டால் அரங்கம் முடிந்தது. நான்காவது பக்கம் கடலை நோக்கித் திறந்து கிடக்கும்.

சொல்வதற்கு எளிது. அந்தக் காலத்தில் மண்ணைப் பெயர்க்க அமெரிக்கப் பசிபிக் கரையில் ஒரு முறை வழங்கிற்று. கலிபோர்னியாவில் தங்கம் தேடியவர்கள் கண்டுபிடித்த முறை அது. பெருங்குழாய்களின் வழியே தண்ணீரை மிகுந்த அழுத்தத்துடன் பீய்ச்சி மலைப்பக்கத்தைக் கரைத்து, சேறாக்கி, வேண்டிய இடத்திற்கு ஓட விடுவார்கள். அதே ஆண்டுகளில் சியாட்டில் நகரத்தார் ஒரு குன்றையே இவ்வாறு கரைத்துத் தரைமட்டமாக்கிக் கொண்டிருந்தனர். டகோமாவிலும் பள்ளத்தின் சரிவுகள் நீரின் விசையால் செதுக்கப்பட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரங்கத்தை உருவாக்கியது தண்ணீர். பின்னர் அதை அழிக்க முற்பட்டதும் தண்ணீரே.

செலவு ஒன்றரை இலட்சம் டாலரைத் தாண்டிற்று. கல்விக் குழுவின் பணத்தோடு நகர மக்களின் நன்கொடையும் சேர்ந்தது. 1910ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் அரங்கம் திறக்கப்பட்டது. அதில் 30,000 பேருக்கு மேல் அமரலாம் என்று கணக்கிட்டனர். அன்று நகரின் மக்கள்தொகையே 84,000க்குள்தான் இருந்தது. ஊரில் மூவருள் ஒருவர் ஒரே நேரத்தில் வந்து உட்கார இடமுள்ள ஒரு பள்ளிக்கூட மைதானம் வேறெங்கு இருந்திருக்கும்? அமெரிக்காவின் மேற்குக் கரையில் எழுந்த முதல் பெரிய அரங்கங்களுள் அது ஒன்று. சில ஆண்டுகளில், நகரத்தில் இரண்டாவது உயர்நிலைப் பள்ளியாக லிங்கன் பள்ளி வரவிருந்தபோது, பழைய பள்ளிக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. 1913இல் அதற்கு 'ஸ்டேடியம் உயர்நிலைப் பள்ளி' என்று பெயரிட்டனர். பள்ளியின் பெயரை மைதானத்திற்கு இடுவதே உலக வழக்கம். இங்கே மைதானம் தன் பெயரைப் பள்ளிக்குக் கொடுத்தது. சுற்றியுள்ள வட்டாரமும் இன்று அந்தப் பெயராலேயே வழங்குகிறது.

அங்கே ஆடப்படும் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டை வடிவப் பந்து, 100 கெஜ நீளமான களம், பக்கத்துக்குப் பதினொருவர். பந்தைக் கையில் ஏந்தியபடி எதிர்ப்பக்கத்தாரின் எல்லையை நோக்கி ஓட வேண்டும். நான்கு முயற்சிகளில் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து மாற்றார் கைக்குப் போகும். நிலத்தைக் கெஜம் கெஜமாகப் பிடிக்கும் இந்த ஆட்டம், அந்தப் பள்ளி திறக்கப்பட்ட காலத்தில் தடை செய்யப்படும் நிலையில் இருந்தது. கூட்டமாக மோதி நெருக்குவதே அன்றைய உத்தி. 1905ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் இந்த ஆட்டத்தில் மாண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துங்கள் என்று வற்புறுத்தினார். 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிந்து கொடுக்கலாம் என்னும் புதிய விதியால் ஆட்டக்காரர்கள் களம் முழுவதும் பரவி ஆடலாயினர். டகோமாப் பள்ளி திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அந்த ரூஸ்வெல்ட்டே 1911இல் டகோமாவிற்கு வந்து அந்த அரங்கத்தில் பேசினார். அப்போது அவர் பதவியில் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. பல்லாயிரவர் கூடிய இடத்தில் ஒருவர் குரல் கேட்க வேண்டுமாயின், கிண்ணம் போன்ற அரங்கமும் ரூஸ்வெல்ட்டைப் போன்ற தொண்டையும் இரண்டும் வேண்டும். 1919 செப்டம்பரில் உட்ரோ வில்சன் வந்தார். சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேர வேண்டும் என்று மக்களிடம் நேரில் வாதாடுவதற்காக அவர் மேற்கொண்ட நெடும்பயணத்தில் டகோமா ஒரு நிலை. மக்கள் அரங்கத்தில் திரண்டு அவரை வரவேற்றனர். அதற்குப்பின் ஒரு வாரத்தில், கொலராடோ மாநிலத்தில் பேசிய நாளோடு அவர் உடல் நலிந்து பயணம் நின்றது; அடுத்த சில நாட்களில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது.

1923 ஜூலை 5ஆம் நாள் வாரன் ஹார்டிங் வந்தார். மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க நாள் என்று நான் கருதுவது இதைத்தான். அக்காலத்தில் அமெரிக்க எஃகு ஆலைகளில் தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தனர். அதை நீக்க வேண்டும் என்று வாணிபத் துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் பாடுபட்டு வந்தார். ஆலை முதலாளிகள் முதலில் முடியாது என்றார்கள். பொதுமக்களின் கண்டனம் பெருகியதும் இணங்கினார்கள். அவர்கள் இணங்கிய செய்தியைக் குடியரசுத் தலைவர் நாட்டிற்கு அறிவித்தது டகோமாப் பேச்சில்தான். அந்தப் பகுதியை எழுதிக் கொடுத்தவர் ஹூவர். ஹார்டிங் அதைப் படிக்கும்போது சொற்களில் தடுமாறினாராம். பேசி முடித்தபின், என் நடையில் எழுதிக் கொடுக்கக் கூடாதா என்று ஹூவரிடம் குறைப்பட்டுக் கொண்டாராம். ஹூவர் தம் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஹார்டிங் அன்றே டகோமாவிலிருந்து கப்பலேறி அலாஸ்காவிற்குப் போனார். திரும்பி வருகையில் நோயுற்று, ஆகஸ்டு 2ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். பன்னிரண்டு மணி நேர உழைப்பு அந்த ஆண்டிலேயே மறையத் தொடங்கியது. மறுநாள் வழக்கம் போல அந்தக் களம் பிள்ளைகளுடையதாயிற்று. அடுத்த ஆண்டு, பேஸ்பால் ஆட்டத்தின் பெரும்புகழ் வீரர் பேப் ரூத் வந்து அங்கே ஆடிக் காட்டினார்.

இனி மண்ணின் கதைக்கு வருவோம்.

ஏறத்தாழ பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பகுதி முழுவதும் பனிப்பாறையின் கீழ் அழுந்திக் கிடந்தது. பனிப்பாறை கொண்டுவந்து போட்ட மணலும் சரளையும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்தவையே அந்தக் கடற்கரை மேடுகள். மேலே மணல், அதன் அடியில் களிமண். மழைநீர் மணலில் எளிதாக இறங்குகிறது; களிமண்ணை அடைந்ததும் மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் ஓடுகிறது; சரிவின் முகத்தில் ஊற்றாகக் கசிகிறது. கசியும் நீர் மணலின் பிடியைத் தளர்த்துகிறது. அந்தப் பகுதியில் மழை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. அக்டோபரிலிருந்து வசந்தம் வரையில் நாள்தோறும் தூறிக்கொண்டே இருக்கும். மண் நனைந்து நனைந்து கனக்கும். போதாததற்கு நில நடுக்கமும் உண்டு. ஓடைப்பள்ளம் என்பது மேட்டுநிலத்து நீர் கடலுக்குப் போகத் தானே வெட்டிக்கொண்ட வழி. மனிதர்கள் அதை நிரப்பி ஆடுகளமாக்கி, நீரைக் குழாயில் அடைத்தனர். நீர் தன் பழைய வழியைத் தேடாமல் இருக்குமா?

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், பகலில், பியூஜெட் சவுண்டுப் பகுதி முழுவதையும் ஒரு கடும் நில நடுக்கம் உலுக்கியது. எட்டுப் பேர் மாண்டனர். அரங்கத்தின் படிகள் விரிசல் கண்டன. அரங்கத்திற்கு அண்மையிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் அன்று நடந்தது அதைவிடப் பெரிது. மாணவர் காவற்படையைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், தன்னைவிடச் சிறிய குழந்தை ஒன்றைக் காக்க முனைந்தபோது, மேலிருந்து சரிந்த செங்கற்கள் அவன்மீது வீழ்ந்தன. குழந்தை பிழைத்தது, சிறுவன் மாண்டான். அந்தப் பள்ளியின் முன் இன்று ஒரு சிலை நிற்கிறது. மூன்று நாட்கள் கழித்து, நகரின் மேற்குப் பக்கத்தில், நில நடுக்கத்தால் தளர்ந்திருந்த கடற்கரைக் குன்றின் ஒரு பெரும்பகுதி அப்படியே சரிந்து கடலில் வீழ்ந்தது.

அரங்கம் பின்னர் நெடுங்காலம் நலிந்து கிடந்தது. பழைய கான்கிரீட் உடைந்தும் உளுத்தும் போயிருந்தது. இவ்விடத்தைக் கைவிட்டு வேறிடத்தில், நல்ல சமநிலத்தில், புதியதொரு மைதானம் அமைத்துக்கொள்ளலாமே என்று யாரும் எளிதில் சொல்லக்கூடிய நிலைமை. ஆயினும் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்த்து முடித்தபின் 1981இல் பெருமழை வந்தது. அடியில் ஓடிய மழைநீர் வடிகால் உடைந்தது. உள்ளே அடைபட்டிருந்த நீர் நிரப்புமண்ணைக் கரைத்துக்கொண்டு வெளிப்பட்டது. கடலை நோக்கிய முனையில் களத்தின் ஒரு பகுதியே சரிந்து போயிற்று. நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்தவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்த அதே வேலையை ஓர் உடைந்த குழாய் தானாகவே செய்து முடித்தது. மீண்டும் வடிகாலை அமைத்து, மண்ணை இறுக்கி, களத்தைச் செப்பனிட்டனர். 1985இல் ஆட்டங்கள் திரும்பவும் தொடங்கின.

செப்பனிடுந்தோறும் அரங்கம் சற்றுச் சிறுத்தது. முப்பதாயிரம் இருந்த இருக்கைகள் இன்று ஏறத்தாழ பதினைந்தாயிரம். பழம்பெருமை குன்றிவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. 1910ஆம் ஆண்டில் நகரத்தார் தங்களுக்கு வரப்போகும் பெருமையைக் கணக்கிட்டுக் கட்டினார்கள். பின்வந்தவர்கள் தங்களுக்குத் தேவையானதைக் கணக்கிட்டுக் காத்தார்கள். திறப்பு விழா அன்று பேண்டு வாத்தியம் முழங்கும், படம் எடுப்பார்கள், கல்லில் பெயர் வெட்டுவார்கள். நிலத்தடி வடிகாலுக்குப் பணம் ஒதுக்கிய குழுவின் பெயரை யார் வெட்டி வைக்கிறார்கள்? இருந்தும், அந்தக் களத்தில் ஒரு பையன் பந்தை ஏந்தி ஓட முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த வடிகால்தான். கட்டுவதற்குச் செலவிட்ட நகரங்கள் பல. ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்பச் செலவிட்ட நகரங்கள் சில. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்திற்கு இத்தனை செலவா என்று கேட்பவர்களுக்கு வலுவான வாதம் இருக்கிறது. அந்தப் பணத்தில் எத்தனையோ வகுப்பறைகள் கட்டலாம். ஆனால் அந்தக் கோட்டையும் ஒருகாலத்தில் இடிக்கத் தொடங்கிய சுவர்தானே? அதை வகுப்பறையாகக் காண ஒரு கண் வேண்டியிருந்தது. பள்ளத்தை அரங்கமாகக் கண்டதும் அதே கண்.

பள்ளிக் கட்டடத்தையும் 2004 முதல் 2006 வரையில் நில நடுக்கத்தைத் தாங்கும் வகையில் வலுப்படுத்திப் புதுப்பித்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1998இல், ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தை இக்காலப் பள்ளி மாணவரின் கதையாக மாற்றிய 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ' என்னும் திரைப்படம் அங்கே எடுக்கப்பட்டது. கதாநாயகன் அரங்கத்தின் படிகளில் ஏறி இறங்கிப் பாடும் காட்சியால் அந்தப் படிகளை உலகெங்கும் இளைஞர்கள் அறிந்தார்கள். அந்த நடிகரின் பெயர் ஹீத் லெட்ஜர். படிகளை அமைத்த சிற்பியின் பெயரும் ஹீத். இது தற்செயல்தான், ஆயினும் இத்தகைய தற்செயல்கள் ஆசிரியர்களுக்கு வகுப்பில் மிகவும் உதவும்.

அமெரிக்கப் பள்ளிகளில் கால்பந்துப் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடியும். பசிபிக் வடமேற்கில் மழைக்காலம் அக்டோபரில் தொடங்கிவிடுகிறது. ஆகையால் பருவத்தின் பின்பாதி ஆட்டங்களுக்கு ஸ்டேடியம் பள்ளியின் மாணவர்களும் பெற்றோர்களும் மழையங்கி அணிந்துதான் வருகிறார்கள். விளக்கொளியில் தூறல் சாய்வாக விழுகிறது. ஒருபுறம் கோட்டையின் கூர்ங்கோபுரங்கள். எதிரே திறந்த முனைக்கு அப்பால் விரிகுடாவில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள். படிகளில் வழியும் நீர் கீழே இறங்கி, களத்தின் ஓரத்தில் ஓடி, வடிகாலுக்குள் புகுந்து, பள்ளத்தின் அடியில் கடலை நோக்கிப் போகிறது.